தோட்டத்தைத் தேடுங்கள், பாட்டன் கிடைப்பார்

கோலா கங்சார் நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறது. அந்த மரத்தின் பூர்வீகம் முழுவதும் எழுத்தில் உண்டு. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் 2,700 சொச்சம் முளைத்தன. மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில கோலா கங்சாரில், பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டன.

பின்னாளில் இந்த மாநிலமெங்கும் அந்த மரங்களை விடிகாலையில் வெட்டிப் பால் எடுத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். அவர்கள் எந்த ஊர், எந்த வருஷம் வந்தார்கள், யாரோடு வந்தார்கள் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இல்லை. "திருச்சிப் பக்கம்", "சேலத்துப் பக்கம்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

அந்தப் பதிலைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும். அதற்கு ஒரு தொழில்முறை இருக்கிறது. கொடிவழி ஆய்வைத் தொழிலாகவே செய்பவர்கள் எந்த ஒழுங்கில் வேலை செய்கிறார்கள், அதை நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு எப்படிப் பொருத்துவது என்பதை இங்கே பார்ப்போம்.

ஏன் பெயரை வைத்துத் தேட முடியாது?

மேற்கத்தியர்கள் குடும்பப் பெயரை வைத்துத் தேடுவார்கள். ஒரே குடும்பப் பெயர் பல தலைமுறைக்கு ஓடுவதால் அது அவர்களுக்குக் கைகொடுக்கும். நமக்கு அப்படி இல்லை. அப்பா பெயர் மகனுக்குப் பின்னால் வரும், பேரனோடு மறைந்துவிடும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதும் வழக்கம். ஒரே தோட்டத்தில் நான்கு முனியாண்டிகள் இருப்பார்கள். அதனால்தான் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், கட்டை முனியாண்டி, கறுப்பு முனியாண்டி என்று அடைமொழி வைத்துக் கூப்பிட்டார்கள்.

இன்னொன்று, வந்த விதம். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்குக் கப்பல் பட்டியல் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். மொரீஷியஸ் போனவர்களின் குடியேற்றப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே பெரும்பாலோர் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்த மேஸ்திரி, அழைத்து வந்தவர்கள். 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி அவர்களுக்குக் கப்பல் செலவைக் கொடுத்தது. 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை இந்த வழி திறந்திருந்தது. இப்படி வந்தவர்களுக்கு நேட்டாலைப்போல ஆளுக்கொரு வரி தேடி எடுப்பது அரிது.

ஆனால் அதே கங்காணி முறை நமக்கு ஒரு வழியையும் விட்டுவைத்திருக்கிறது. கங்காணி ஆள் சேர்த்தது தன் ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும்தான். அண்ணன் தம்பி, மாமன் மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று கூட்டமாகவே கூட்டி வந்தார். ஆகவே ஒரே லயத்தில் இருந்த பத்துக் குடும்பங்களில் ஆறு குடும்பம் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். உங்கள் பாட்டன் ஊர் தெரியாவிட்டால், அவரோடு ஒரே கங்காணியின் கீழ் வேலை செய்தவரின் ஊரைத் தேடுங்கள். ஒரு ஆளைத் தனியாகத் தேடாமல் அவருடைய சொந்தம், சிநேகிதம், அண்டை வீடு எல்லாவற்றையும் சேர்த்துத் தேடுவது உலகெங்கும் தேர்ந்த ஆய்வாளர்கள் கையாளும் முறை. நம்மவர்களுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும்.

தோட்டத்தைப் பிடித்தால் கங்காணி கிடைப்பார். கங்காணி கிடைத்தால் ஊர் கிடைக்கும். தேடலின் வரிசை அதுதான்.

முதல் ஆவணக் காப்பகம் வீட்டுப் பெரியவர்

வேலையைத் தாத்தா பாட்டியிடம், பெரியப்பா அத்தையிடம் தொடங்குங்கள். நேராக "எந்த வருஷம் வந்தீங்க?" என்று கேட்டால் பதில் வராது. சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். "வெள்ளம் வந்தப்போ நீங்க பிறந்தாச்சா?" "ஜப்பான்காரன் காலத்துல எந்தத் தோட்டம்?" "முள்வேலி போட்டப்போ அப்பா உயிரோட இருந்தாரா?"

இதற்கு நம் வட்டாரத்தின் காலவரிசை உங்கள் விரல் நுனியில் இருக்க வேண்டும். பேராக் ஆற்றின் பெருவெள்ளம் 1926 டிசம்பரில் வந்தது. ஜப்பானியர் ஆட்சி 1942 தொடங்கி 1945 வரை. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்து எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது அப்போதுதான், 1960 வரை நீடித்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டது அந்தக் காலத்தில்தான். 1957இல் சுதந்திரம். 1967இல் மறுபடி பெருவெள்ளம். 1969ஐ ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது ஆயிரக்கணக்கானவர்கள் ஊர் திரும்பினார்கள்.

பாட்டி "வெள்ளம்" என்று சொன்னால் அது 1926ஆ, 1967ஆ என்று இன்னொரு கேள்வி கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையில் நாற்பது வருஷம், ஒன்றரைத் தலைமுறை.

பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் சொல்லிவிடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு முடிக்க வேண்டாம். பழைய படம் ஒன்றைக் கையில் கொடுங்கள், பேச்சு தானாக வரும். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திரும்பாத வீடுகளில் அந்தப் பேச்சு வலிக்கும். அங்கே பொறுமையாக இருங்கள், அவர் நிறுத்தும் இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள்.

பெட்டியில் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். மணியார்டர் ரசீது, கப்பல் டிக்கெட், சிவப்பு அடையாள அட்டை, நீல நிற வான்கடிதம். ஊரிலிருந்து வந்த ஒரு கடிதத்தின் பின்பக்கம் போதும், அதில் கிராமம், தபால் நிலையம், தாலுக்கா, ஜில்லா நான்கும் இருக்கும். பல குடும்பங்களுக்குப் பூர்வீக ஊரைக் காட்டும் ஒரே தாள் அதுவாகத்தான் இருக்கும்.

எந்தத் தாள் எதைச் சொல்லும்?

பிறப்புப் பத்திரமும் இறப்புப் பத்திரமும் தேசியப் பதிவுத் துறையில், நாம் ஜேபிஎன் என்று சொல்லும் இடத்தில், கிடைக்கும். வாங்கியதும் பெயரையும் தேதியையும் மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடாதீர்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கும். தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். தகப்பனா, தோட்டக் குமாஸ்தாவான கிராணியா, ஆஸ்பத்திரி டிரஸ்ஸரா? அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்பதைப் பொறுத்தே அந்தத் தாளின் எடை.

ஜப்பானியர் காலத்துத் தாளில் 2603 என்று ஆண்டு போட்டிருந்தால் மிரள வேண்டாம். அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கு. 660ஐக் கழியுங்கள், 1943 வரும்.

அடையாள அட்டை 1948இல், அவசரகாலத்தில் தொடங்கியது. பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கு ஆண்டு உத்தேசமாகவே எழுதப்பட்டிருக்கலாம். இப்போதைய 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம். பேராக்குக்கு 08.

கல்யாணப் பதிவை எல்லோருக்கும் எதிர்பார்க்காதீர்கள். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவது நாடு முழுவதற்கும் கட்டாயமானது 1982 மார்ச்சில்தான். அதற்கு முன் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, தாள் இல்லாத கல்யாணங்கள் ஏராளம். கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் திருமுழுக்குப் பதிவேடு இந்த இடத்தை நிரப்பும். தமிழ் முஸ்லிம்களுக்கு நிக்காஹ் பதிவேடு.

தோட்டத்துச் செக்ரோல் புத்தகம் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வந்தவர்களின் அன்றாடக் கணக்கு. அதில் ஆளுக்கு ஒரு எண். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் கைமாறியபோதும் இந்தப் புத்தகங்கள் அழிந்தன. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். மாணவர் பெயர், தகப்பன் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி அதில் உண்டு. விலகிய தேதி முக்கியம், பெரும்பாலும் குடும்பம் வேறு தோட்டம் போன தேதி அதுதான்.

1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியின் பழைய தாள்களில் முதலாளியின் பெயரும் வாரிசின் பெயரும் இருக்கும். 1954இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சந்தா அட்டை, நம் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் புத்தகம் ஆகியவையும் ஆள் எந்த ஆண்டில் எங்கே இருந்தார் என்று காட்டும் சாட்சிகள்.

1924இல் தொடங்கி 2019 வரை வந்த தமிழ் நேசன் போன்ற நாளிதழ்களின் மரண அறிவித்தல்களையும் நினைவஞ்சலிகளையும் பலர் கவனிப்பதில்லை. ஒரு நினைவஞ்சலியில் மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை வரிசையாக அச்சாகியிருக்கும், சில சமயம் தமிழகத்துக் கிராமத்தின் பெயரோடு. பழைய ஆங்கில இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே திறந்து வைத்திருக்கிறது. அங்கே உங்கள் பாட்டன் பெயரைத் தேடினால் கிடைக்காது. தோட்டத்தின் பெயரைத் தேடுங்கள். கம்பெனி கைமாறியது, வேலைநிறுத்தம், வெள்ளம், காய்ச்சல் எல்லாம் வரும்.

கோலாலம்பூரில் உள்ள ஆர்க்கிப் நெகாராவில், அதாவது தேசிய ஆவணக் காப்பகத்தில், தொழிலாளர் இலாகா கோப்புகளும் மாவட்ட நிர்வாகக் கோப்புகளும் உண்டு. அங்கேயும் தேட வேண்டியது தோட்டத்தின் பெயர்தான். ஒரே தோட்டத்துக்கு மூன்று பெயர் இருக்கும்: கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர், ஊரின் மலாய்ப் பெயர், நம்மவர்கள் வாயில் வழங்கிய தமிழ்ப் பெயர். கோப்பில் இருப்பது முதல் இரண்டும். பாட்டி சொல்வது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பொருத்துவதே ஒரு நாள் வேலை, ஆனால் அந்த ஒரு நாள் பிறகு பல மாதத்தை மிச்சப்படுத்தும்.

எழுத்துப் பிசகு

தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய கிராணிகள் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். சின்னையாவை எஸ் எழுத்திலும் தேட வேண்டும், சி எழுத்திலும் தேட வேண்டும். சண்முகத்துக்கும் அப்படியே. ஆறுமுகம் ஒரு தாளில் அருமுகம், இன்னொன்றில் ஆர்முகம். மாரியாயி மாரியாயாகவும் மாரியாகவும் மாறுவாள். தேடும் முன் ஒவ்வொரு பெயருக்கும் வரக்கூடிய எழுத்துக்கூட்டல்களை ஆறேழாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் ஒரு எழுத்து வேறுபட்டதால் "இது நம்ம தாத்தா இல்லை" என்று தள்ளுவதும் தவறு, பெயர் ஒத்துப்போனதால் "இவர்தான்" என்று கொள்வதும் தவறு.

ஆதாரத்தை எடை போடுவது

பொழுதுபோக்காகத் தேடுபவரையும் தேர்ந்தவரையும் பிரித்துக் காட்டும் இடம் இது. 1964இல் அமெரிக்காவில் ஏற்பட்ட கொடிவழி ஆய்வாளர் சான்றிதழ் வாரியம் ஐந்து நிபந்தனைகளை வகுத்திருக்கிறது. தேட வேண்டிய இடங்களில் நியாயமாக முடிந்த அளவு தேடியிருக்க வேண்டும். ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்று முழுமையாகக் குறித்திருக்க வேண்டும். ஆதாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்ந்திருக்க வேண்டும். முரண்பாடுகளைத் தீர்த்திருக்க வேண்டும். முடிவைக் காரணத்தோடு எழுதியிருக்க வேண்டும். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அது நிரூபணம் ஆகாது.

எடுத்துக்காட்டுக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பாட்டன் பெயர் முனியாண்டி. மகளின் 1934ஆம் ஆண்டுப் பிறப்புப் பத்திரத்தில் "முனியாண்டி, தகப்பன் கருப்பன்" என்றிருக்கிறது. 1948 அடையாள அட்டையில் "தகப்பன் கருப்பையா, பிறந்த ஆண்டு 1908". 1971 இறப்புப் பத்திரத்தில் வயது 70, அதாவது 1901இல் பிறந்தவர். வீட்டில் சொல்லும் கதை: "பதினைஞ்சு வயசுல ரஜூலா கப்பல்ல வந்தாரு."

இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரஜூலா கட்டப்பட்டதே 1926இல். 1908இல் பிறந்தவருக்கு 15 வயது 1923இல், 1901இல் பிறந்தவருக்கு 1916இல். இரண்டு கணக்கிலும் ரஜூலா ஓடத் தொடங்கவில்லை. ஆக, வயது தவறாக இருக்க வேண்டும், அல்லது கப்பல் தவறாக இருக்க வேண்டும். ரஜூலா 1970களின் தொடக்கம்வரை ஓடிய கப்பல். பின்னாளில் ஊருக்குப் போய்த் திரும்பிய பயணத்தின் கப்பல் முதல் பயணக் கதையில் புகுந்திருக்கலாம். அவர் ஊருக்குப் போய் வந்தாரா என்று இப்போது பெரியவர்களிடம் மறுபடி கேட்க வேண்டும். நல்ல ஆய்வு எப்போதும் அடுத்த கேள்வியைக் கொண்டுவரும்.

வயதில் எதை நம்புவது? இறப்புப் பத்திரத்தில் வயதைச் சொன்னவர் மருமகன், கேட்டு அறிந்தவர். அடையாள அட்டையில் சொன்னவர் முனியாண்டியே. உத்தேசமாக இருந்தாலும் 1908க்கு எடை கூடுதல். கருப்பனும் கருப்பையாவும் ஒருவரா? பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு தாளிலும் தோட்டம் ஒன்று, அதே தோட்டத்துப் பள்ளிப் பதிவேட்டில் தகப்பன் பெயராக வேறு முனியாண்டி இல்லை என்று காட்டினால் ஒருவர்தான் என்று எழுதலாம்.

எழுதும்போது "1908 வாக்கில் பிறந்தவர், 1934க்கு முன் மலாயா வந்தவர்" என்று எழுதுங்கள். அவ்வளவுதான் ஆதாரம் தாங்கும். மிச்சத்தை "இருக்கலாம்" என்ற சொல்லோடு தனியாக எழுதுங்கள்.

கடலுக்கு அப்பால்

ஊர்ப் பெயர் கிடைத்ததும் இன்றைய வரைபடத்தில் தேடி ஏமாறாதீர்கள். பழைய ஜில்லாக்கள் உடைந்துவிட்டன. கடிதத்தில் "திருச்சி ஜில்லா" என்றிருப்பது இன்று பெரம்பலூராகவோ அரியலூராகவோ கரூராகவோ இருக்கலாம். "தென்னார்க்காடு" 1993இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. "சேலம் ஜில்லா" என்றால் 1965இல் பிரிந்த தருமபுரியையும் 1997இல் பிரிந்த நாமக்கல்லையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரே பெயரில் பல கிராமம் இருப்பதால் தாலுக்காவும் தபால் நிலையமும் தெரிந்தாக வேண்டும்.

அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி குலதெய்வம். கறுப்பரோ அய்யனாரோ பச்சையம்மனோ, எந்த ஊர் எல்லையில், எந்தப் பங்காளிகள் கும்பிடுகிறார்கள் என்று விசாரித்தால் வழி திறக்கும். ஊரையே மறந்த குடும்பமும் குலதெய்வத்தின் பெயரை மறந்திருக்காது. பிள்ளைக்கு முதல் மொட்டை போடும்போது யாரை வேண்டிக்கொண்டீர்கள் என்று பாட்டியிடம் கேளுங்கள்.

அடுத்தது நிலப் பதிவு. பட்டா, சிட்டா, "அ" பதிவேடு ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலர், தாலுக்கா அலுவலகம் வழியாகப் பார்க்கலாம். மலாயா போன தம்பியின் பெயர் கூட்டுப் பட்டாவில் அப்படியே நிற்பது உண்டு. இதைக் கேட்கப் போகும்போது ஒரு எச்சரிக்கை: சொத்துக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று உறவுகள் அஞ்சக்கூடும். வந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய அரசு ஆணைகளும் குடியேற்றக் கோப்புகளும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

எழுதி வைக்கும் ஒழுங்கு

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு தேடலுக்கும் ஐந்து விவரம் எழுதுங்கள்: தேதி, எங்கே தேடினேன், எந்தப் பதிவேடு அல்லது கோப்பு எண், எந்தப் பெயரில் தேடினேன், என்ன கிடைத்தது. ஒன்றும் கிடைக்காவிட்டாலும் "கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடி அலைவதை அது தடுக்கும். படம் எடுத்தால் தாளின் முகப்பையும் சேர்த்து எடுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் அடையாள அட்டை எண்ணையும் வெளியில் பகிராதீர்கள். தத்துப் பிள்ளை, இரண்டாம் தாரம், சாதி மாறிய கல்யாணம் என்று வீட்டார் மூடி வைத்தவை தாளில் வெளிப்படும். ஆய்வாளர் உண்மையை மாற்றக் கூடாது, ஆனால் அதை யாரிடம், எப்போது சொல்வது என்பதில் இரக்கம் வேண்டும்.

கற்றுக்கொள்ள விரும்பும் இளையவர்கள் கே.எஸ். சந்துவின் 1969ஆம் ஆண்டு நூலையும் எஸ். அரசரத்தினத்தின் 1970ஆம் ஆண்டு நூலையும் படியுங்கள். இரண்டும் மலாயா இந்தியர் வரலாறு. பின்னணி தெரியாமல் ஆவணத்தைப் படித்தால் எழுத்துதான் தெரியும், ஆள் தெரியமாட்டார்.

ஆவணக் காப்பகம் அடுத்த வருஷமும் திறந்திருக்கும். அவசரகாலத்து முள்வேலிக்குள் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. அவர் நினைவில் இருக்கும் கங்காணியின் பெயர் வேறு எந்தக் கோப்பிலும் இல்லாமல் இருக்கலாம். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். முதலில் மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எந்தக் குலதெய்வம்? பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, கீழே தேதியும் அவர் பெயரும் போடுங்கள். உங்கள் குடும்ப வரலாற்றின் முதல் ஆவணம் அது.